சிற்றலையும் சுருதிப் பெட்டியும்: திருகோணமலை நாட்குறிப்பு

வியாழன் இரவு, ரயிலில்

பையில் இந்த முறை சட்டைகளை விட வயர்கள்தான் அதிகம். ஒலிப்பதிவுக் கருவி, காதை முழுதாக மூடும் ஹெட்போன், ஒரு சிறிய ஸ்பீக்கர், பழைய மடிக்கணினி, உள்ளங்கையில் அடங்கும் சிற்றலை வானொலி. கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் பையைச் சோதித்த காவலர் வானொலியை மட்டும் வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது இன்னும் வேலை செய்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். பாதி வேலை செய்கிறது, மற்றப் பாதியைக் கேட்கத்தான் போகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

மற்றப் பாதி என்று நான் சொன்னது, நிலையங்களுக்கு நடுவில் கிடக்கும் இரைச்சலை. சோதனை முயற்சியான இலத்திரனியல் இசை, மனமயக்கத்தைத் தேடும் சைக்கடெலிக் இசை என்று கடைகளில் தனித்தனி அலமாரிகளில் வைக்கிறார்களே, அந்த இரண்டும் வேர்பிடித்த நிலங்களில் ஒன்று அந்த இரைச்சல். அதைக் கேட்பதற்குத் திருகோணமலை ஏன் என்பதை நாளை எழுதுகிறேன். இப்போது ரயில் ஆட்டத்தில் விரல் தவறான எழுத்தில் விழுகிறது.

ரயிலைப் பற்றி மட்டும் கொஞ்சம். 1948 இல் பாரிசில் பியேர் ஷேஃபர் என்ற வானொலிப் பொறியாளர் பத்திஞோல் நிலையத்துக்குப் போய் ரயில் எஞ்சின்களைப் பதிவு செய்தார். அவரிடம் ஒலிநாடா இல்லை, இசைத்தட்டுத்தான். தட்டின் வரிப்பள்ளத்தை வட்டமாக மூடிவிட்டால் ஊசி வெளியேற முடியாமல் ஒரே ஓசையைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அப்படிச் செய்த ஆக்கங்கள் அதே ஆண்டு ஒக்டோபர் 5 அன்று பிரெஞ்சு வானொலியில் ஒலிபரப்பாயின. இன்று எந்தத் தொலைபேசியிலும் ஒரு விரல் தட்டலில் கிடைக்கும் 'லூப்' அங்கேதான் தொடங்கியது.

கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதை பிரிகிறது. ரயில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்கம் போகலாமே என்ற சபலம் வரும். அங்கே வாவியில் மீன் பாடும் என்பார்கள். 1950களில் ஓர் அமெரிக்க இயேசு சபைப் பாதிரியார் அந்த ஓசையைப் பதிவு செய்தார், பின்னர் இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. ஷேஃபருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய பதிவு அது. நாம் அதைச் சுற்றுலாக் கதையாக மட்டும் வைத்துக்கொண்டோம்.

சந்திக்கு அப்பால் யானைகள் கடக்கும் காடு, வேகம் குறைந்தது. இரண்டு பெட்டிகளின் இணைப்பில் நின்று பதிவுக் கருவியை நீட்டினேன். ஒலிநாடாவை மெதுவாக ஓட்டினால் தாளமும் சுருதியும் சேர்ந்தே இறங்கும். ரயில் மெதுவானபோது தண்டவாளத் தாளம் மட்டும் இறங்கியது. இணைப்பின் கீச்சொலி தன் சுருதியை விடவில்லை. இதை வெறும் ஒலிநாடாவில் இவ்வளவு சுலபமாகச் செய்துவிட முடியாது என்று எண்ணிக்கொண்டு நின்றபோது, டிக்கெட் பரிசோதகர் வந்து உள்ளே போகச் சொன்னார்.

வெள்ளி, உப்புவெளி

தங்கியிருக்கும் வீடு கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே. வீட்டுக்கார ஐயா தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேல்மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார். காலை இடியப்பமும் சொதியும் அவர் மனைவியின் கை. சொதியில் வெந்தயம் கொஞ்சம் தூக்கல், எனக்குப் பிடித்த அளவு.

ஏன் திருகோணமலை என்பதற்கு விடை நிலாவெளிப் பக்கம் நிற்கிறது. ஜெர்மனியின் சர்வதேச வானொலியான டொய்ச்ச வெல்ல 1980களில் இங்கே, ஒலிபரப்பை வாங்கி மறுபடி அனுப்பும் ஓர் அஞ்சல் நிலையத்தை நிறுவி, 250 கிலோவாட் பரப்பிகளால் ஆசியாவுக்குச் சிற்றலையை வீசிக்கொண்டிருந்தது. 2010களின் தொடக்கத்தில் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. ஓட்டோவில் போகும்போது தூரத்துக் கோபுரங்களைக் காட்டி, "இது எதற்கு அண்ணா?" என்று ஓட்டுநரே என்னைக் கேட்டார். பிறந்ததிலிருந்து பார்க்கிறாராம்.

டொய்ச்ச வெல்ல 1953 மே 3 அன்று தொடங்கியது. 2003 இல் பொன் நகருக்கு மாறும்வரை அதன் தலைமையகம் கொலோன். அதே கொலோனில், அதே 1950களின் தொடக்கத்தில், இன்னொரு வானொலிக் கட்டடத்துக்குள் இலத்திரனியல் இசைக்கூடம் ஒன்று இயங்கத் தொடங்கியது. அளவீட்டுக் கருவிகளையும் வடிகட்டிகளையும் வைத்துக்கொண்டு கார்ல்ஹைன்ஸ் ஸ்டொக்ஹௌசன் அங்கே இசை செய்தார். 1968 இல் அவர் எழுதிய ஓர் ஆக்கத்தின் பெயரே 'சிற்றலைகள்'. மேடையில் வாத்தியக்காரர்கள் சிற்றலை வானொலியைத் திருப்புவார்கள். அந்த நேரத்தில் என்ன அகப்படுகிறதோ, அதைப் பிடித்து, போலச் செய்து, உருமாற்றி வாசிப்பார்கள். அவரிடம் படித்த ஹோல்கர் சுக்காய், இர்மின் ஷ்மிட் இருவரும் அதே ஆண்டு அதே நகரில் 'கான்' என்ற ராக் குழுவைத் தொடங்கினார்கள். சுக்காய் பின்னாளில் பேஸ் கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு, மேடையில் சிற்றலை வானொலியையே வாசித்தார்.

இரவு மேல்மாடியில் வானொலியைத் திறந்தேன். சிற்றலைக்கு இரவுதான் நேரம். வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருகிற அலை இரண்டு மூன்று பாதைகளில் வந்து சேரும், ஒன்றையொன்று கூட்டும், கழிக்கும். குரல் கிணற்றுக்குள் போய் வருவது அதனால்தான். ஜப்பானியப் பொறியாளர் ஃபூமியோ மியேடா மொஸ்கோவிலிருந்து வந்த ஒலிபரப்பு இப்படி வளைவதைக் கேட்டுத்தான் கிற்றாருக்கான 'யூனி வைப்' கருவியை வடிவமைத்தார். 1969 இல் அமெரிக்காவின் வுட்ஸ்டொக் இசைவிழா மேடையில் ஜிமி ஹென்ட்ரிக்சின் கிற்றார் நீருக்குள் இருந்து வருவது போல் சுழல்கிறதே, அது இதுதான். சைக்கடெலிக் ஒலி என்று உலகம் கொண்டாடுவதில் ஒரு பங்கு மோசமான வானொலி வரவேற்பு.

9650 கிலோஹேர்ட்ஸ் பக்கம் ஒரு சீழ்க்கை கிடைத்தது. இரண்டு நிலையங்கள் ஒரு கிலோஹேர்ட்ஸ் தள்ளி மோதினால், இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த 1000 ஹேர்ட்ஸ் சீழ்க்கையாகக் காதில் விழும். ஒரு நிலையம் கொஞ்சம் நகர்ந்தால் சீழ்க்கை வழுக்கி இறங்கும். கொலோன் கூடத்தில் இதையே வேண்டுமென்று செய்தார்கள். ரிங் மொடுலேட்டர் என்ற கருவிக்குள் 440 ஹேர்ட்சையும் 100 ஹேர்ட்சையும் விட்டால், 540 உம் 340 உம் வெளியே வரும், விட்ட இரண்டும் வராது. மனிதக் குரலை அப்படி விட்டால் வெண்கல மணி பேசுவது போல் கேட்கும்.

ஐயா மேலே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கேட்டார்.

"தம்பி, நிலையத்தைத் தாண்டிப் போகிறீர். இதோ, இந்த இடத்தில் தமிழ் மாதிரி ஏதோ வந்தது."

வந்தது. ஏதோ சமயச் சொற்பொழிவு. அதையும் தாண்டிப் போனேன்.

"அந்த நாளில் செய்தி கேட்பதற்காக இரைச்சலைப் பொறுத்துக்கொண்டோம். நீர் இரைச்சலைக் கேட்பதற்காகச் செய்தியைப் பொறுத்துக்கொள்கிறீர்."

அந்த நாள் எனக்கும் தெரியும். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுப்போம். பிபிசி தமிழோசைக்கு அப்பா காதை வைத்துக்கொண்டிருப்பார், சுற்றுவது என் வேலை. கை சோர்ந்தால் குரல் தாழும், அப்பாவின் ஏச்சு உயரும். வெரித்தாஸ் பிலிப்பைன்சிலிருந்து வரும், அதைப் பிடிப்பது இன்னும் கடினம். இரைச்சலுக்குள் ஒரு சொல்லைப் பிடிக்க எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எந்த ஊர் பெயர், எத்தனை பேர், பெயர்கள் சொன்னார்களா. ஸ்டொக்ஹௌசன் தன் வாத்தியக்காரரிடம் கேட்ட கூர்மையான கவனம் எங்கள் திண்ணைகளில் கட்டாயத்தால் இருந்தது.

அதனால்தான் இந்த இசை 'புரியவில்லை' என்று நம்மவர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. காது பழகிய காதுதான். பயம் இல்லாமல் அதே இரைச்சலைக் கேட்டுப் பழகவில்லை, அவ்வளவு.

ஐயாவிடம் இதைச் சொல்லவில்லை. அவர் அதற்குள் வானொலியைத் தன் கைக்கு எடுத்து, அந்தச் சொற்பொழிவைத் திரும்பப் பிடித்துவிட்டார்.

சனி, கடற்கரை

பகல் முழுவதும் கச்சான் காற்று. மணல் மேசையில், தேநீரில், பதிவுக் கருவியின் பொத்தான்களுக்குள். எழுத ஒன்றும் இல்லை, இரவைத் தவிர.

ஐயாவின் தங்கை மகன் ஒருவன் இருக்கிறான். சுற்றுலாப் பருவத்தில் கடற்கரை விடுதிகளில் இசை போடுகிறான். என்னிடமிருந்த வயர்களைப் பார்த்ததும், "அண்ணா, இன்று இரவு வாருங்கள், டிரான்ஸ் போடுகிறேன்" என்று அழைத்தான். டிரான்ஸ் என்றால் மயக்கும் இலத்திரனியல் ஆட்ட இசை. போனேன். பின்னணியில் பெரிய துணித்திரை, அதில் ஊதா நிறத்தில் சிவபெருமான், மூன்றாவது கண்ணிலிருந்து பச்சை ஒளி. இரண்டு மைல் தள்ளிக் கோணேசர் இருக்கிறார், இங்கே அவர் ஒளிரும் மையில் இருக்கிறார். எனக்குக் கோபம் பக்தியினால் வரவில்லை. நிமிடத்துக்கு 145 தட்டு வேகத்தில் ஓடும் ஒரு நேர்கோட்டுத் தாளத்துக்கு ஆழம் இருப்பதாகக் காட்ட நம் சாமியை வாடகைக்கு எடுப்பது சோம்பல்.

ஆனால் இசையையே தள்ளிவிட மாட்டேன். நள்ளிரவுக்குச் சற்று முன்னர் பையன் ஒன்று செய்தான். பறையடி போன்ற பேஸ் தாளத்தை முழுதாக எடுத்துவிட்டு, நெளியும் ஒற்றை ஒலியை மட்டும் ஓடவிட்டான். அந்த ஒலியைக் கூர்மையாக்கினான், மழுக்கினான், மீண்டும் கூர்மையாக்கினான். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். இரண்டு நிமிடம்வரை அப்படியே வைத்திருந்தான். முதலாளி கை காட்டியதும் தாளம் திரும்பியது.

பிறகு மணலில் உட்கார்ந்து, அந்த நெளியும் ஒலி எங்கிருந்து வந்தது என்று தெரியுமா எனக் கேட்டேன். "ஆசிட் ஒலி அண்ணா, கோவாவில் கண்டுபிடித்தது" என்றான். அது ரோலண்ட் நிறுவனத்தின் டிபி 303 என்ற சிறு பெட்டி. பேஸ் கிற்றார்க்காரர் இல்லாதவர்களுக்காக 1980களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. பேஸ் கிற்றார் போல் கொஞ்சமும் ஒலிக்கவில்லை, அதிகம் பேர் வாங்கவில்லை, 1984 இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடந்ததை எடுத்து, குமிழ்களைத் தவறான எல்லைவரை திருப்பி, சிக்காகோ இளைஞர்கள் 1987 இல் ஆசிட் ஹவுஸ் என்ற ஆட்ட இசையை வெளியிட்டார்கள். அது பின்னர்தான் கோவாக் கடற்கரைக்கு வந்தது.

ஆனால் அதற்கும் ஐந்து ஆண்டுக்கு முன், 1982 இல், பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற திரையிசை வாத்தியக்காரர் அதே 303 ஐயும், அதே நிறுவனத்தின் தாளப் பெட்டி 808 ஐயும் வாங்கி, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டிருந்தார். யாரும் கவனிக்கவில்லை. 2010 இல் மறுபதிப்பு வந்தபோது உலகம் வாய் பிளந்தது. தொலைபேசியில் பைரவி ராகத்தை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். ஒற்றை ஹெட்போனைக் காதில் வைத்து, மற்றக் காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டான்.

"இவர் தெரியாமலே செய்தாரா?"

"ராகம் வாசிக்கத் தெரிந்தே செய்தார். சிக்காகோவைத்தான் தெரியாது."

இன்னும் பின்னால் போகலாம். 1969 இல் அஹமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசையாளர் டேவிட் டியூடர் மின்சாரத்தால் ஒலியைச் செய்யும் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய் உள்ளிட்டோர் அங்கே செய்த நாடாக்கள் பல பத்தாண்டு அலமாரியில் கிடந்து 2023 இல் தான் தொகுப்பாக வெளிவந்தன. இதை எல்லாம் கேட்டதும் நம்மவர்களுக்கு ஓர் உற்சாகம் பிறக்கும், எல்லாம் நம்மிடம் முதலில் இருந்தது என்று. எனக்கு அதில் பெருமையை விட எரிச்சல்தான். இருந்ததை யார் கேட்டார்கள்? சரண்ஜித் சிங் பிழைப்புக்குக் கல்யாண வீடுகளில் வாசித்துக்கொண்டிருந்தார்.

பையன் கடைசியாகத் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். போதை எதுவும் எடுக்காமல் இந்த இசையின் உள்ளே போக முடியுமா? விடுதிக்கு வரும் வெள்ளைக்காரர்கள் முடியாது என்கிறார்களாம். தாளத்தை எடுத்துவிட்டு ஒற்றை ஒலியை ஓடவிட்டபோது நீ என்ன குடித்திருந்தாய் என்று கேட்டேன். "சோடா" என்றான்.

ஞாயிறு, கோணேசர் கோவில்

கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் மான்கள். ஒன்று என் பையிலிருந்து தொங்கிய வயரை மோந்து பார்த்து ஏமாந்தது. 1622 இல் போர்த்துக்கேயர் கோவிலை இடித்து, அந்தக் கல்லையும் சேர்த்துக் கோட்டை கட்டினார்கள். இடிபட்டதில் கொஞ்சம் கடலுக்குள் போனது. 1956 இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் கோவில் நிற்கும் சுவாமி மலையடியில் மூழ்கித் தூண்களைக் கண்டார்கள்.

கிளார்க்குக்கு இன்னொரு முகமும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கணினி பாட்டுப் பாடுவதை நேரில் கேட்டவர் அவர். கெல்லி, லொக்பாம் இருவரும் குரலைச் செய்ய, மாக்ஸ் மத்யூஸ் பின்னணி இசையைச் செய்த பாட்டு. அந்த நினைவில்தான் அவர் கதையெழுதி 1968 இல் வந்த '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' என்ற விண்வெளித் திரைப்படத்தில், சாகும் கணினி அதே பாட்டைப் பாடுகிறது. குரல் தாழ்ந்து தாழ்ந்து நிற்கும் அந்தக் காட்சியை இலத்திரனியல் இசைக்காரர்கள் எத்தனை பேர் திருடியிருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை. அதைக் கேட்டவர்தான் இந்தப் பாறையின் கீழே நீந்தினார்.

பாறைப் பிளவை எட்டிப் பார்த்தேன். இராவணன் வெட்டு. மலையைப் பெயர்க்கப் போய் நசுங்கியவன், தன் தலையைக் குடமாகவும் நரம்பைத் தந்தியாகவும் வைத்துச் சாமகானம் வாசித்தான் என்பது கதை. புதிய வாத்தியம் செய்கிறவர்கள் எல்லோரும் ஓரளவுக்கு அந்த நிலையில்தான் செய்கிறார்கள். சம்பந்தரோ இங்கே கால் வைக்கவே இல்லை. இராமேசுவரத்தில் நின்றபடி கடலுக்கு இப்பால் உள்ள இந்த மலையைப் பாடினார் என்பது மரபு. பதிகம் தொடங்குவதே ஓசையில்: கழலின் அரவம், சிலம்பின் ஒலி, நாலாம் வரியில் இரையும் கடல். தொலைவிலிருந்து ஒலி அனுப்புவதில் இந்த ஊருக்கு நெடுநாள் பழக்கம்.

பூசைக்கு நாதஸ்வரம் தொடங்கியது. எனக்கு வேண்டியது நாதஸ்வரக்காரரின் காலடியில் இருந்தது: பழைய வேட்டித் துண்டில் பாதி சுற்றிய இலத்திரனியல் சுருதிப் பெட்டி. மூடி வெடித்த இடத்தில் கறுப்பு ஒட்டுநாடா, ஒரு சிவப்பு விளக்கு, தேய்ந்து எண் அழிந்த குமிழ். ஒரு காலத்தில் ஒத்து ஊத ஓர் ஆள் பக்கத்தில் நிற்பார், மூச்சு விடாமல் ஒரே ஸ்வரம். அவரிடத்தில் இப்போது இது. 1970களின் இறுதியில் பெங்களூரில் ராஜ் நாராயண் என்ற பொறியாளர், புல்லாங்குழலும் வாசிப்பவர், இதைச் செய்தார். நிலைத்த ஒரே ஒலியை மணிக்கணக்கில் எழுப்பும் ஆசிலேட்டர்.

நியூயோர்க்கில் லா மொன்டே யங் 1960களிலிருந்து இதையே இசையாகச் செய்தார். மின்னணு ஒலிகளை மாதக்கணக்கில் அணையாமல் ஓடவிட்டு, ஆட்களை அந்த அறைக்குள் நடக்கச் சொன்னார். தலையை அசைத்தால் ஸ்வரங்கள் மாறும். 1970 இல் அவரும் டெரி ரைலியும் கிரானா மரபுப் பாடகர் பண்டிட் பிராண்நாத்துக்குச் சீடரானார்கள். தம்புராவை ஒழுங்காக மீட்டக் கற்பதற்கே அவர்களுக்கு ஆண்டுகள் பிடித்தன. நம் வீடுகளில் அதே ஆசிலேட்டர் சாமியறை மூலையில், பாட்டு வகுப்பு முடிந்ததும் துண்டால் மூடப்பட்டு. சிந்தசைசர் நம் மரபைக் கெடுக்கும் என்று மேடைகளில் பேசியவர்கள் கூட, பின்னால் அது பாடிக்கொண்டிருக்கத்தான் பேசினார்கள்.

நாதஸ்வரம் நின்றது. பெட்டியை அணைக்க மறந்துவிட்டார்கள். திருநீறு வாங்குபவர்களுக்கு நடுவே, மணி ஓசைக்கு அடியில், அது தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. பதிவுக் கருவியைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்தேன். ஐயர் வந்து அணைக்கும்வரை கிடைத்ததெல்லாம் லாபம்.

திங்கள், சீனக்குடாவும் ஐயா வீட்டுத் தொட்டியும்

காலையில் சீனக்குடாப் பக்கம் போனது வீண் என்று சொல்லலாம். பிரித்தானியர் 1930களில் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் அங்கே காட்டுக்குள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானம் ஒன்று ஒரு தாங்கியில் விழுந்து நாள்கணக்கில் எரிந்தது. அரசியல்வாதிகளுக்கு அவை எண்ணெய், எனக்கு எதிரொலி. 1988 இல் பவுலின் ஒலிவெரோஸ் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்றுக்குள் அக்கோர்டியனோடு இறங்கி வாசித்தார். எழுப்பிய ஒலி அடங்க 45 வினாடி. அப்படி ஓர் இடத்தில் அவசரமாக எதையும் வாசிக்க முடியாது, முன்னே போட்ட ஸ்வரம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்த இரும்புத் தாங்கிகளில் காலியான ஒன்றுக்குள் ஒரு நாதஸ்வரம் போனால்? அனுமதி இல்லை. காவலாளி நல்ல மனிதர், பக்கத்துக் கடையில் பிளேன்டீ நன்றாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவைத்தார். நன்றாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தால் வீட்டுப் பின்பக்கம் சீமெந்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக் காய வைத்திருந்தார்கள். ஐயாவின் பேத்தி அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் பாட்டுப் படிக்கிற பிள்ளை. தொட்டிக்குள் தலையை நீட்டிக் கூவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அளந்தேன், உள்நீளம் ஒன்றே முக்கால் மீட்டர்.

அமெரிக்க இசையமைப்பாளர் அல்வின் லூசியர் 1969 இல் ஓர் அறையில் உட்கார்ந்து சில வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்தார். அந்தப் பதிவை அதே அறையில் ஒலிக்கவிட்டு மீண்டும் பதிவு செய்தார். அதை மீண்டும். ஒவ்வொரு அறைக்கும் தனக்குப் பிடித்த அதிர்வுகள் உண்டு, அவற்றை மட்டும் பெருக்கும், மற்றவற்றைத் தின்னும். சுற்று ஏற ஏறப் பேச்சு கரைந்து அறையின் சுருதி மட்டும் மிஞ்சும். லூசியருக்குத் திக்குவாய். அந்தத் திக்கலும் கரைந்துபோகும் என்று அவரே அதில் சொல்கிறார்.

பிள்ளையிடம் ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். "மீன்காரர் இன்னும் வரவில்லை, அம்மம்மா கறி வைக்கக் காத்திருக்கிறார்" என்றாள். உண்மைதான், அம்மம்மா படலையில் நின்றார். பதிவு செய்து, ஸ்பீக்கரையும் கருவியையும் தொட்டிக்குள் இரு முனைகளில் வைத்து, மேலே பலகையால் மூடி, ஓடவிட்டோம். எடுத்ததை மீண்டும் ஓடவிட்டோம். சனி இரவு 303 இன் கதையைக் கேட்டவனும் வந்து சேர்ந்துகொண்டான், மடிக்கணினி அவன் மடியில்.

முதலில் போனது வல்லினம். கறியின் ககரமும் றகரமும் நாலாம் சுற்றுக்குள் மழுங்கிவிட்டன. மெல்லினமும் இடையினமும் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தன, 'ம்ம' என்று அம்மம்மாவின் நடு மட்டும் நின்றது. பிறகு உயிரெழுத்துகள், ஒன்றோடொன்று ஒட்டி, ஆவும் ஈயும் பிரித்தறிய முடியாமல். கடைசியில் வாக்கியத்தின் ஏற்ற இறக்கத்தில் ஓர் ஊளை. மீன்காரர் உண்மையிலேயே வந்து மணி அடித்துவிட்டுப் போன பிறகும் தொட்டிக்குள் அவர் வரவே இல்லை.

"இது என்னுடைய ஸா மாதிரி இருக்கிறது" என்றாள் பிள்ளை. உள்ளே ஓடிப்போய்ச் சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தாள். அவள் பாடுவது ஐந்து கட்டை. பெட்டியை ஓடவிட்டதும் இரண்டும் சேர்ந்து அலையடித்தன, வினாடிக்கு மூன்று முறை அளவில், வாங் வாங் வாங் என்று. ஐந்து கட்டை ஸட்ஜம் 196 ஹேர்ட்ஸ். தொட்டி அதை விட மூன்று ஹேர்ட்ஸ் போலக் கூட. காரணம் வெயில். 20 பாகையில் வினாடிக்கு 343 மீட்டர் போகும் ஒலி, 30 பாகையில் 349 போகும். அந்த வேகத்தைத் தொட்டியின் ஒன்றே முக்கால் மீட்டரால் வகுத்தால் 199. குளிர்ந்த நாடொன்றில் இதே தொட்டி அவள் சுருதியோடு அப்படியே ஒட்டியிருக்கும். வெள்ளி இரவு சிற்றலையில் கேட்ட சீழ்க்கையும் இதுவேதான், அங்கே ஆயிரம், இங்கே மூன்று.

"சுருதி சேரவில்லை, தொட்டி கூட்டிப் பாடுகிறது" என்று பிள்ளை நுண்சுருதிக் குமிழில் கை வைத்தாள். மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். வாங் வாங் மெதுவாகி, நீண்டு, வினாடிக்கு ஒன்றாகி, இரண்டு வினாடிக்கு ஒன்றாகி, நின்றது. நானும் பையனும் இத்தனை கருவிகளோடு சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். நின்றதும் அவன், "கொஞ்சம் திரும்பவும் விலக்கு, விலகினால்தான் நன்றாக இருக்கிறது" என்றான். அவள் மாட்டேன் என்றாள். பாட்டு ரீச்சர் கேட்டால் ஏசுவாராம். இருவருக்கும் சண்டை முற்றியது. அவன் மூத்தவன் என்ற உரிமையில் குமிழைப் பறிக்கப் பார்த்தான், அவள் பெட்டியைப் பாவாடைக்குள் இறுக்கிக்கொண்டாள். நான் அவன் பக்கம். ஆனால் பெட்டி அவளுடையது.

சத்தம் கேட்டு ஐயா வந்தார். பலகையைத் தூக்கி, கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"தம்பி, இதை வானொலியில் போட்டால், தொழில்நுட்பக் கோளாறுக்கு வருந்துகிறோம் என்று அறிவிப்புத்தான் வரும். தொட்டிக்குத் தண்ணீர் விட வேண்டும், சாமான்களை எடும்."